நொடின்னா நொடிதான்!

1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த 555 ஐ.சி.யை வைத்து, நொடிக்கு ஒருமுறை மின்னும் எல்.இ.டி. விளக்கு செய்தேன். எதுக்குன்னு கேக்கறீங்களா? இருட்டிலும் 30 மின்னல் எண்ணி, நாடி பார்க்கத்தான்!

வழக்கமா போடுற 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் அளவு 20 சதவீதம் வரை கூடும், குறையும். குறைஞ்சா 30 மின்னல் 24 நொடியிலேயே முடிஞ்சிடும். நிமிடத்துக்கு 100 துடிக்கிற காய்ச்சல்காரர் நாடி 80ன்னு காட்டும்! ஆபத்தாச்சே?

அதனால் 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி, 100 கிலோ ஓம், 680 கிலோ ஓம் மின்தடைகள் போட்டேன். 0.693 × (100 + 2 × 680) கிலோ ஓம் × 1 மைக்ரோஃபாரட் = 1.01 நொடி. மிச்சமிருக்கும் பிசகை ஒரு பிரீசெட் வைத்துத் திருகிச் சரி செய்யலாம்.

பேட்டரி இறங்கினால்? மின்தேக்கி, பேட்டரி அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் இரு பங்குக்கும் நடுவேதான் ஏறி இறங்குது. அழுத்தம் குறைஞ்சா ரெண்டு எல்லையும் சேர்ந்தே குறையும். நேரம் பெரிதாக மாறாது.

கள்ளக்குறிச்சி வெயில், கல்வராயன் மலைக் குளிர் இரண்டிலும் 60 மின்னலைக் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்க. சோதித்த பிறகு நம்புவதே அறிவியல்!