சியாமளா வயசுதான் பாட்டிக்கும்

2021 ஜனவரி. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். கோலாலம்பூர் வேலையைப் பகாவ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள துளசேந்திரபுரம். கோலம், பட்டாசு, இனிப்பு. அந்த ஊர்க்காரர் பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், அமெரிக்காவின் 49ஆவது துணை அதிபராகியிருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

“மன்னார்குடியா? எங்கப்பா ஊரும் அந்தப் பக்கந்தானே!” என்றார் பாட்டி. நம் ஆட்களுக்கு உறவு கொண்டாட இவ்வளவு போதும்.

கமலாவின் தாயார் சியாமளா 1938இல் பிறந்தவர். பாட்டியும் 1938தான். சியாமளா 1958இல், 19 வயதில், பெர்க்லிக்குப் படிக்கப் போனார். பிறகு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளரானார். அதே ஆண்டு பாட்டி இங்கே தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகப் பால்மரம் வெட்டப் போனார். கோபாலன் அரசாங்க அதிகாரி. பாட்டியின் அப்பா கங்காணி கூட்டி வந்த கூலி. ஒரே வட்டாரம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் என்னை உறுத்தியது படிப்பு அல்ல, ஒரு தாள். 1964இல் ஓக்லந்தில் கமலா பிறந்தபோது அப்பா ஜமைக்காக்காரர், அம்மா இந்தியர். இருவருமே படிக்கப் போனவர்கள். அந்த மண்ணில் பிறந்ததால் பிள்ளை அமெரிக்கக் குடிமகள். பாட்டியும் இந்த நெகிரி செம்பிலான் மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் மெர்டேக்காவுக்கு முன் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மனுப் போட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. முதல் ஓராண்டு மலாய்த் தேர்வுகூடக் கிடையாது. “பொறவு பாத்துக்கலாம்” என்றாராம் தாத்தா. ஒரு நாள் பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றும் பாட்டி கையில் சிவப்பு அடையாள அட்டை. 2022 பொதுத்தேர்தலன்று நாங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். என் விரலைப் பிடித்துப் பார்த்து, “மை காஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

துணை அதிபருக்கு என்ன வேலை என்றும் ஒருநாள் கேட்டார். செனட் சபையில் இரண்டு பக்கமும் சமமானால் மட்டும் அவர் ஓட்டுப் போடலாம் என்றேன்.

“அப்ப மத்த நேரம் சும்மாவா?”

கமலா நான்கு ஆண்டில் 33 முறை அப்படிப் போட்டார். 19ஆம் நூற்றாண்டில் கால்ஹூன் போட்ட 31தான் அதுவரை சாதனை. 2022 ஆகஸ்டில் 51க்கு 50 என்று அவர் ஓட்டால் தேறிய சட்டம், மெடிகேர் காப்புறுதியில் உள்ள முதியவர்களுக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலரைத் தாண்டக் கூடாது என்றது. தினமும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டிக்குக் கமலாவிடம் பிடித்தது அது ஒன்றுதான். காஸா விஷயத்தில் அவர் இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. இன்சுலினில் பாட்டி பக்கம்தான் நான்.

2024 நவம்பரில் அதிபர் தேர்தலில் தோற்றார். 2025 ஜனவரி 20இல் பதவியை விட்டு இறங்கினார். அன்றைக்கே புதிய அதிபர் டிரம்ப், பிறப்பால் வரும் குடியுரிமையைக் குறுக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். பெற்றோர் தற்காலிக விசாவில் இருந்தால் பிள்ளைக்குக் கிடையாது என்பது அதில் ஒரு பகுதி. வழக்குகள் பாய்ந்தன, நீதிமன்றங்கள் தடுத்தன. அந்த உத்தரவு நடைமுறைக்கு வந்தால், படிக்கப் போன இடத்தில் பிள்ளை பெறுகிற சியாமளாக்களுக்கு அது எளிதல்ல.

பாட்டியிடம் சொன்னேன். “நல்லவேளை, அந்தப் புள்ளைக்கு அப்பவே பொறப்பு சூரா எடுத்துட்டாங்க” என்றார்.

அவருடைய மனு மறுபடியும் போயிருக்கிறது. நேர்காணலில் ருக்குன் நெகாரா கேட்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மலாயில் சொல்லிப் பார்க்கிறார். நான்கு கோட்பாடு தடையில்லாமல் வருகிறது. ஐந்தாவதில் நின்று, தலையில் தட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.