எல்லை தாண்டும் பூனைகள்

தமிழ்நாட்டில் பூனைகள் நெடுங்காலமாகப் பயணம் செய்துதான் வருகின்றன – சாக்குப்பையில். பால் சட்டியை உருட்டிய குற்றத்துக்காகவோ, குட்டிகள் பெருகிவிட்ட காரணத்தாலோ, கோணியில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் அவிழ்த்துவிடுவது வழக்கம். திரும்பி வரும் வழி தெரியக்கூடாது என்று சாக்கை நாலு சுற்றுச் சுற்றி விடுகிறவர்களும் உண்டு. அதே பூனையை மாற்றலாகிப் போகும் ஊருக்குக் காரில் கூட்டிச் செல்வது புதுப் பழக்கம். அதற்கான பக்குவம் எல்லோருக்கும் வந்துவிடவில்லை.

மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலான ஒரு வங்கி ஊழியர் குடும்பம் அந்தப் பக்குவத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் லாரிக்கு. மிச்சம் இருந்தவை இரண்டு பூனைகள்: மணி என்ற கடுவன், கறுப்பி என்ற அதன் தாய். வீட்டில் விவாதம் மூண்டது. "நாய் ஆளை நம்பும், பூனை வீட்டை நம்பும். மீன் மார்க்கெட் பக்கம் விட்டா அதுபாட்டுக்குப் பிழைச்சுக்கும்மா" என்றார் மாமியார். "அத்தை, ஆறு வருஷமா தட்டுல சோறு வச்சுப் பழக்கிட்டு இப்ப வேட்டையாடிப் பிழைக்கச் சொன்னா எப்படி?" என்று கேட்டார் மருமகள்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. பூனை தன் எல்லைக்குள் வாழும் பிராணி. தன் வாசனை பூசிய சுவர், படி, ஜன்னல் விளிம்பு எல்லாம் அதற்கு உறவு. வீட்டைவிட்டு வெளியேறுவதே அதற்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் மறுபாதி தவறு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்புக் கொண்டிருந்தது தெரியவந்தது. அறிமுகமில்லாத இடத்தில் தனியே விடப்பட்ட பூனை, வளர்ப்பவர் திரும்பி வந்ததும் ஆறுதல் அடைந்தது. புது ஊரில் பூனைக்குப் பழகிய பொருள் ஒன்றாவது இருக்குமென்றால், அது மனிதர்தான்.

மருமகள் ஜெயித்தார். உடனே அடுத்த கேள்வி: எப்படிக் கொண்டுபோவது?

மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களே அதிகம். லாரி ஒன்று ஹாரன் அடித்தால் போதும். மடியிலிருக்கும் பூனை நகத்தைப் பதித்துவிட்டுப் பாயும். பாய்ந்த பூனை ஒளியத் தேடுவது இருட்டான, குறுகலான இடம். காரில் அப்படிப்பட்ட இடம் பிரேக் மிதிக்கு அடியில் இருக்கிறது. ஆகவே கூண்டு வேண்டும், அதுவும் பூனைக்கு ஒன்றாக. தாயும் மகனுமாக இருந்தாலும், பயந்துபோன பூனை பக்கத்திலிருக்கும் பூனையைத்தான் பிறாண்டும். உள்ளே எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் ஒவ்வொரு வளைவிலும் உருளும்.

கூண்டைப் பயண நாளன்று பரணிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. டாக்டரிடம் ஊசிக்குப் போகும்போது மட்டும் வெளிவரும் அந்தப் பெட்டியைக் கண்டதும் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். இந்த வீட்டில் கூண்டுகள் ஒரு மாதம் முன்னதாகவே கூடத்துக்கு வந்தன. கதவு திறந்தபடி, உள்ளே பழைய நூல் புடவை. முதலில் வாசலில் கருவாட்டுத் துண்டு, பிறகு உள்ளே. மூன்றாவது வாரத்தில் கறுப்பி அதற்குள்ளேயே பகல் தூக்கம் போட்டது. பிறகு கதவைச் சாத்தி, காரில் வைத்து, தெருவை ஒரு சுற்று. இது வெறும் செல்லம் கொஞ்சல் அல்ல. 22 பூனைகளை வைத்து நடத்தி 2018ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், கூண்டுக்குப் பழக்கப்பட்டவை கார் பயணத்தில் குறைவாகவே பதறின.

தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் கைவைப்பது கொலைக்குச் சமம். மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையின் உயிரைக் குடித்துவிடும். அதை முறிக்கத் தேவையான நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. பதற்றம் மிகுந்த பூனைகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் காபாபென்டின் கொடுப்பதுண்டு. பயணப் பதற்றத்துக்கென்றே ப்ரீகாபாலின் திரவ மருந்துக்கு 2023ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. எதுவானாலும் அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். பயணத்துக்குச் சில நாள் முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது உத்தமம்.

இந்தியச் சட்டமும் பூனைப் பயணத்தை மறந்துவிடவில்லை. 1978ம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனிப் பகுதியே உண்டு. பயணத்துக்குத் தகுதியான உடல்நிலை, ரேபிஸ் உள்ளிட்ட தொற்றுநோய் அறிகுறி இல்லை என்று மருத்துவர் தரும் சான்றிதழ். கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு தீனியும் தண்ணீரும். கோடையில் நான்கு மணிக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணிக்கு ஒருமுறை குடிநீர் என்று அது வரிசையாகச் சொல்கிறது. வளர்த்த பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் வகுத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சாக்குப்பைகள் ஏன் குறையவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முந்நூறு கிலோமீட்டர் சொச்சம் பயணம். வெயிலுக்கு முன் என்று அதிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். தீனி முந்தின இரவே, அதுவும் அரை வயிறு. நிறைந்த வயிறு வளைவுகளில் வாந்தியாகிவிடும். கூண்டுகள் முன் இருக்கைகளுக்குப் பின்னால், காலடியில், அசையாதபடி செருகப்பட்டன. மேலே மெல்லிய துணி. காற்று வரும், லாரிகள் தெரியாது. மணி திருமங்கலம் வரை கத்தியது, பிறகு கோவில்பட்டி வரை முனகியது, அப்புறம் அடங்கிவிட்டது. கறுப்பி தொடக்கத்திலிருந்தே மௌனம். மௌனத்தையும் நம்பக்கூடாது, அடிக்கடி துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. பூனை இரைத்தால் சூடோ பயமோ எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

நாகர்கோவிலில் காலைச் சாப்பாடு. எல்லோரும் ஒன்றாக ஓட்டலுக்குள் போகவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் போனார்கள். நிறுத்திய காருக்குள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுவதாகவும், அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுவதாகவும் 2005ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பயனில்லை.

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று சாலை நெருக்கடி மிகுந்து, வண்டி நின்று நின்று ஊர்ந்தது. பாறசாலையைத் தாண்டினால் நெய்யாற்றின் கரையில் அமரவிளை. 1956ல் விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது கோடு ஊர்களுக்கு நடுவே விழுந்தது. ஊர்ப் பெயர்களில் உள்ள 'விளை' மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. ஒருகாலத்தில் விற்பனை வரிக்காக லாரிகள் மைல் கணக்கில் காத்துக்கிடந்த சாவடி இது. 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காத்திருப்பு போயிற்று. சாராயத்தையும் கஞ்சாவையும் தேடும் கலால் துறையின் சோதனை போகவில்லை.

துணி மூடிய இரண்டு பெட்டிகள் எந்தக் காவலருக்கும் சந்தேகம் தரும். "எந்தா இதில்?" என்று கேட்டபடி ஒருவர் பின்கதவில் கைவைத்தார். முழுப் பயணத்திலும் ஆபத்தான கணம் இதுதான். கார் கதவு திறந்து, கூண்டின் கொக்கியும் திறந்தால், முன்பின் தெரியாத நெடுஞ்சாலையில் பாய்ந்த பூனையைத் திரும்பப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதி வைப்பது இந்த ஒரு கணத்துக்காகத்தான். மருமகள் கூண்டைத் திறக்கவில்லை. துணியை மட்டும் விலக்கினார், கூடவே சான்றிதழையும் நீட்டினார். உள்ளேயிருந்து மணி சீறியது. "அய்யோ, பூச்ச!" காவலர் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சொல்லும் எல்லை தாண்டியதுதான். மலையாளி 'பூச்ச' என்பதைப் பழந்தமிழர் 'பூசை' என்றார்கள். தொல்காப்பிய மரபியலில் அது உண்டு. பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தன்னை ஒப்பிட்ட கம்பரும் அப்படியே எழுதினார். தமிழன் மறந்த சொல்லைச் சோதனைச் சாவடியில் காக்கிச் சட்டைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார்.

திருவனந்தபுரத்து வீட்டில் பூனைகளுக்கு முதலில் ஓர் அறை மட்டும். மதுரையிலிருந்து வந்த மண் தட்டு, துவைக்காத அந்தப் புடவை, தண்ணீர். கூண்டுகளைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டும் வெளியே வர இரவாயிற்று. வெளிக்கதவு திறக்க இன்னும் சில வாரம் ஆகும். அவசரப்பட்டு விட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும் பூனைகள் உண்டு. நடுவில் இருப்பதோ முந்நூறு கிலோமீட்டர். அத்தனை நாளும் அறைக்குத் தட்டோடு போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவை சாப்பிடும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும் பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.