ஒளிக்கதிர்ப் போர்

நமது கலாசாலை ஆண்டு மலருக்குக் கட்டுரையொன்று விடுக்குமாறு ஆசிரியர் குழுவினர் எமக்கு எழுதியபொழுது, கடல் கடந்து வாழும் பழைய மாணவர் என்ற முறையில் ஆஸ்திரேலியா தேசத்தின் இயற்கை வளத்தையோ கல்வி முறையையோ குறித்து யாம் எழுதுவோமென்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்விஷயங்களை எழுத வல்லார் பலர் உளர். யாமோ, நாற்பத்தைந்து பிராயம் கடந்த பின்னர் எம்மைப் பற்றிக்கொண்ட ஒரு விளையாட்டுப் பித்தைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதனை லேசர் டேக் என்பர். சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களின் பெரிய அங்காடி மாளிகைகளில், சிறுவர்தம் பிறந்தநாட் கொண்டாட்டங்களில் இதனை ஆடக் கண்டோர் வாசிப்போருள் சிலரேனும் இருப்பர். யாம் கூறப்போவது அதுவன்று. குழு அமைத்து, பதவி வகுத்து, வாரந்தோறும் பந்தயமாக ஆடும் ஆட்டத்தையே கூறுகின்றோம்.

இதன் சரித்திரம் நெடியதன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் கார்ட்டர் என்பார், 1977-ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் திரைப்படத்திலே ஒளி உமிழும் துப்பாக்கிகளைக் கண்டு கருத்துக்கொண்டு, 1984-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டல்லாஸ் நகரத்தில் ஃபோட்டான் என்னும் பெயரால் ஆடுகளம் ஒன்றைத் திறந்தார். ஆஸ்திரேலியர் இதனை விரைந்து கைக்கொண்டனர். இன்று பல தேசங்களில் வழங்கும் லேசர்ஃபோர்ஸ் என்னும் கருவித் தொகுதி, யாம் வாழும் பிரிஸ்பேன் நகரத்திலே தோன்றியதேயாம். பெயரில் லேசர் இருப்பினும், இவ்வகைக் கருவிகள் பலவற்றுள் எதிரியை வீழ்த்துவது லேசர் அன்று. புகை நிறைந்த இருளில் நீண்டு தோன்றும் வண்ணக்கோடு கண்ணுக்கு விருந்தாகவும் குறிக்குத் துணையாகவும் அமைந்தது. உண்மையில் வேலை செய்வது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராகும். வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியை இருந்த இடத்திலிருந்து இயக்கும் சிறு கருவியில் உள்ளதும் அதுவே. சுட்டவர் இன்னார் என்னும் குறிப்பையும் அக்கதிர் தன்னுடன் சுமந்து செல்லும். ஆடுவோர் அணியும் கவசத்தின் மார்பிலும் முதுகிலும் தோள்களிலும் உள்ள உணர்கண்களுள் ஒன்றில் அது பட்டால், கவசம் ஓசையிட்டு விளக்கவியும். அடிபட்டவர் சில வினாடிகள் சுட இயலாது நிற்றல் வேண்டும்.

யாம் இக்களத்துட் புகுந்தது தற்செயலே. எம் புதல்வனை அவன் நண்பனது பிறந்தநாளுக்கு அழைத்துச் சென்றவிடத்து ஓர் ஆள் குறைந்தது. எம்மை அழைத்துக் கவசம் பூட்டினர். கலாசாலையில் எம்முடன் பயின்றோர் இதனை வாசிப்பின் நகைப்பர் என்பதில் ஐயமில்லை. மெலிந்த தேகமும் மூக்குக்கண்ணாடியும் உடைய எம்மை ஹாக்கிக்கோ சடுகுடுவுக்கோ எவரும் அழைத்ததில்லை. விடுதிகளுக்கிடையே சடுகுடுப் பந்தயம் நிகழும்பொழுது கோட்டிற்கு வெளியே அமர்ந்து புள்ளி எழுதுதலே மூன்றாண்டுகளும் எமது தொழிலாயிருந்தது. அத்தகைய யாம் அன்று மாலை இருளினின்று வெளிவந்தபொழுது, சட்டை முழுதும் வியர்வையில் நனைந்திருக்க, மறுமுறை ஆடுதற்குரிய கட்டணம் யாது என்று வினவினோம். சிறுவர்கள் பண்டம் உண்டுகொண்டிருந்தனர்.

பந்தயக் குழுவினர் ஆடுவது ஸ்பேஸ் மரீன்ஸ் என்னும் ஆட்டவகை. அதில் ஐந்து பதவிகள் உண்டு. தளபதி, பீரங்கியர், ஒற்றர், குண்டு வழங்குவோர், மருத்துவர் எனத் தமிழில் அவற்றைக் கூறலாம். ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர், இத்தனை குண்டு என்று அளவுண்டு. குண்டு தீர்ந்தவருக்குக் குண்டு வழங்குவோர் தம் துப்பாக்கியாற் சுட்டுக் குண்டளிப்பர். உயிர் குறைந்தவருக்கு மருத்துவர் அவ்வாறே சுட்டு உயிரளிப்பர். சடுகுடுவில் வெளியேறியவர் மீண்டும் உயிர்பெற்று உள்ளே வருதலை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஆயின் உயிர் பெறுபவரின் கவசமும் அச்சமயம் சில வினாடிகள் ஓய்ந்துவிடும். ஆகவே எதிரி நெருங்கிய வேளையில் உயிரளித்தல் நண்பனைக் கொன்றதற்கு ஒப்பாகும். எப்பொழுது அளிப்பது, எப்பொழுது மறுப்பது என்று அறிதலிலேதான் இப்பதவியின் அருமை முழுதும் அடங்கியிருக்கின்றது.

எமக்கு வாய்த்தது மருத்துவர் பதவி. ஒற்றன் மூன்று முறை சுட்டாலன்றித் தளபதி ஓயார். மருத்துவரோ ஒரே அடியில் ஓய்வார். அவருக்கு உயிர் 20. பிறருக்கு உயிரளிக்கும் அவர் தமக்கு அளித்துக்கொள்ள இயலாது. அளிப்பார் பிறரும் இலர். ஆகலின் எதிர்க்குழுவினர் முதலில் தேடுவது மருத்துவரையே. ஆட்டம் முடிந்தபின் இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் யார் யாரை எத்தனை முறை சுட்டார் என்பதோடு, மருத்துவரைச் சுட்ட தொகை தனியே குறிக்கப்படும். அத்தொகை மிகுந்தோர் அதனைப் பதக்கம்போற் காட்டித் திரிவர்.

இப்பதவியின்பொருட்டு யாம் பட்ட பாடு சிறிதன்று. களத்துள் ஓடுதல் கூடாதாகலின், விரைந்து நடத்தலும் ஓசையின்றித் திரும்புதலும் பழகவேண்டும். இரவில் பிள்ளைகள் உறங்கியபின் எம் வீட்டு நடையில் கைவிளக்கொன்றை ஏந்திச் சுவரோடு சுவராக நகர்ந்து பழகுவோம். எம் துணைவியார் முதலில் அஞ்சினார், பின்பு சிரித்தார், பின்பு, "தாத்தா ஆகும் வயதில் திருடன் போலீஸ் விளையாட்டா? ஊரில் அத்தைக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டுவிட்டு விளக்கணைத்துப் படுத்தார். எம் குழுவில் எம்மினும் இருபதாண்டு இளையோர் நால்வர். அவர்கள் எம்மைப் பெயர் சொல்லியே விளிப்பர். முதலிற் செவி கூசிற்று. பின்னர் அது குழுவில் எமக்கும் இடமுண்டு என்பதன் அடையாளமாயிற்று.

நிற்க. யாம் எழுத எண்ணியது இனிமேல் வருவதே.

சென்ற ஆண்டு பருவத்தின் இறுதிப் பந்தயத்தில் எமக்கு ஓர் உயிரே எஞ்சியிருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷங்கள் இருந்தன. சரிவுப்பாதையின் மேலே, சுவரின் பிளவொன்றன் பின் யாம் நின்றோம். கீழே எதிர்க்குழுவின் ஒற்றன், பதினெட்டு வயதினன், அவ்வாண்டுதான் பந்தயத்திற்குப் புதிதாக வந்தவன். அவன் இருமுறை சுட்டான், தப்பினோம். மூன்றாம் முறை அவன் துப்பாக்கி எம் மார்புக்கு நேரே உயர்ந்தபொழுது, எமது இடக்கை துப்பாக்கியை விட்டு வந்து மார்பின் உணர்கண்ணைப் பொத்திற்று. அவனது செங்கோடு எம் புறங்கையின்மேல் நின்றதை யாம் கண்டோம். கவசம் ஓசையிடவில்லை. உணர்கண்ணை மறைத்தல் விலக்கப்பட்டது என்பதைச் சிறுவரும் அறிவர். நடுவர் அப்பக்கம் இல்லை. யாம் பின்வாங்கிச் சென்று தளபதிக்கு உயிரளித்தோம். எம் குழு வென்றது.

இயந்திரம் தந்த தாளில் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை. அவ்விளைஞன் எம்மிடம் வந்து கைகுலுக்கி, "உங்களை வீழ்த்திவிட்டேன் என்றே நினைத்தேன்; குறி தாழ்ந்துவிட்டது போலும்" என்றான். "இருட்டு அல்லவா?" என்றோம் யாம்.

வீடு திரும்பும் வழியில் எமக்கு நினைவு வந்தது அக்காலத்துச் சடுகுடுக் களமே. எம் விடுதித் தலைவர், தம் தோளில் பாடி வந்தவனது விரல்நுனி பட்டதை எவரும் காணாதபோதும், ஊதல் ஒலிக்குமுன்னரே தலைகுனிந்து வெளியேறுவார். அவர் பெயருக்கு எதிரே யாம் கோடு கிழிப்போம். அதனைப் பெருஞ்செயலாக அந்நாளில் எவரும் பேசியதில்லை. யாமும் எழுதுகோலை நக்கிக்கொண்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவோம்.

மறுவாரம் எம் குழுத்தலைவரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "என்னிடம் சொல்லி என்ன பயன்?" என்றார். அவ்விளைஞனைத் தேடிச் சென்றோம். அவன் கவசமணியும் அறையில் தனித்திருந்து, துப்பாக்கியை முன்னினும் உயர்த்திப் பிடித்துச் சுவரிலுள்ள புள்ளியொன்றைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். ஏன் இவ்வாறு பிடிக்கிறாய் என்றதற்கு, "குறி தாழ்கிறதே, வாரம் முழுவதும் மாற்றிப் பழகுகிறேன்" என்றான். அப்பொழுதுதான் யாம் செய்தது இன்னதென்று எமக்கு முழுதும் விளங்கிற்று. நடந்ததைச் சொன்னோம். அவன் சினக்கவில்லை. "எந்த முறை?" என்று மட்டும் கேட்டான். மூன்றாவது என்றோம். "அப்படியானால் பழைய பிடியே சரி" என்று துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டான்.

ஆட்டத்தை நடத்துவோர் அப்பந்தயத்தின் வெற்றியை எதிர்க்குழுவிற்கு மாற்றினர். எம் குழுவினர் இருவர் சில வாரங்கள் எம்முடன் முகங்கொடுத்துப் பேசிலர், அவர்களைக் குறைகூறற்கில்லை. மருத்துவர் பதவியைப் பிறர்க்கு விடுவதாக யாம் சொன்னபொழுது, எவரும் அதனை ஏற்க முன்வரவில்லை. ஆகவே இன்றும் அது எம்மிடமே உள்ளது.

அவ்விளைஞனோடு அடுத்து ஆடிய ஆட்டத்தின் தாளை யாம் பாதுகாத்து வைத்திருக்கின்றோம். மருத்துவரைச் சுட்ட தொகை என்னும் பகுதியில் அவன் பெயருக்கு நேரே 11 என்று அச்சிடப்பட்டிருக்கின்றது.