நானே டைப் பண்ணேன், டீச்சர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு என் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. "டிச்சர் நல்லா இருகிங்களா நானே டைப் பன்னேன்." அதில் நாலு பிழை. வாழ்நாள் முழுக்கச் சிவப்பு மையோடு இருந்தவள் நான். நேற்று ஒரு பிழையைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை. அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுப்பியவருக்கு 57 வயது. பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலை. அவர் மகன் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். பேர் மட்டும் போட வேண்டாம், மற்றதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அரைப்பரீட்சை முடிந்து ரேங்க் கார்டு கொடுக்கும் நாள். வரிசையில் பத்துப் பதினைந்து பெற்றோர் நின்றார்கள். இவர் கார்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் மைப்பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, மகனைப் பார்த்துச் சொன்னேன்: "நீயாவது ஒழுங்கா படி. உங்கம்மா மாதிரி ஆயிடாத."

நல்லதைச் சொன்னதாகத்தான் நினைத்தேன். இதே வார்த்தையை எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அது அறிவொளி இயக்கத்தின் காலம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷம் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்த அலை எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிந்தது. ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு எங்கள் ஊர்ப் பள்ளித் திண்ணையில் வகுப்பு நடக்கும். நானும் சொல்லிக்கொடுத்தேன். இவர் ஒரு நாளும் வரவில்லை. ஆர்வம் இல்லாதவர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் 2019இல் ஓய்வு பெற்றேன். 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பி.எஸ்ஸி. படிக்கும் ஒரு பெண் வகுப்பு எடுக்க முன்வந்தாள். கொஞ்ச நாள் துணைக்கு வாங்க மேடம் என்று கூப்பிட்டாள். போனேன். அங்கே கடைசி வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார்.

எப்படி வந்தார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால் கூடாரத்து வாசலில் பலகை மாட்டுவார்கள். ஒரு நாள் இவர் அது தெரியாமல் உள்ளே போய்விட்டார். கண் எரிந்து இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. "பலகையைப் பார்க்கலியான்னு மேஸ்திரி கேட்டாரு. பார்த்தேன் டீச்சர், படிக்கத்தான் தெரியல. அதை எப்படி வாயால சொல்றது?"

முதல் நாள் நான் கரும்பலகையில் ட, ப, ம எழுதினேன். கோடு கோடாக வரும் எழுத்துகள், கைக்குச் சுலபம். படம், பட்டம், மடம் என்று போகலாம் என்பது என் கணக்கு. அந்தப் பெண் மெல்ல வந்து, "மேடம், நின்னுக்கிட்டு சொன்னா இவங்களுக்குப் பள்ளிக்கூட பயம் வருது. பாயில வந்து உட்காருங்க" என்றாள். என் பேத்தி வயது. உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: "உங்களுக்கு எந்த வார்த்தை முதல்ல எழுதணும்?"

இவர் சொன்னார்: "ரோஜா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோ என்றால் முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் துணைக்கால். ஜ என்பது வடமொழி எழுத்து. இரண்டையும் நான் மூன்றாம் மாதத்துக்கு வைத்திருந்தேன். அன்று அரை மணி நேரத்தில் அவர் அதை எழுதிவிட்டார். கோணல்தான், ஆனால் ரோஜா! தினமும் காலையிலிருந்து கையில் பிடிக்கும் பூ. அவர் வீட்டில் பேசும் தெலுங்கிலும் அதற்கு அந்தப் பெயர் உண்டு. அதிலிருந்து போ, தோ, தோட்டம். பிறகு கூலி. பிறகு மருந்து.

பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரேய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்ததைப் பயிற்சி வகுப்பில் நானே பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்துதான் அவர் எழுத்துக்குப் போனார். வாயால் சொன்ன எனக்குச் செய்யத் தெரியவில்லை. அந்தப் பெண் ஃப்ரேய்ரேயைப் படித்ததில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு எங்கள் பகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓசூரில் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. பள்ளியில் தமிழ். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் பெயர்ப் பலகைகளில் எழுத்தே மாறிவிடும். இந்த அம்மா மூன்று மொழியும் பேசுவார். மூன்றிலும் கணக்குப் பார்ப்பார், சண்டை போடுவார். அவரைத்தான் நாங்கள் ஒன்றும் தெரியாதவர் என்று சொன்னோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், நம் கிருஷ்ணகிரியில் 71தான். அந்த மீதிப் பேரில் எத்தனை பேர் இப்படியோ.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கேட்டேன். "அறிவொளி வகுப்பு உங்க வீட்டுப் பக்கத்துலயேதான நடந்துச்சு. ஏம்மா வரல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கதான டீச்சர் அங்க இருந்தீங்க" என்றார்.

ரேங்க் கார்டு அன்று நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர். பையன் படிச்சு சிப்காட்டுல வேலைக்குப் போயிட்டான்ல" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் அழுதேன்" என்றும் சொன்னார்.

முப்பது வருஷம் அவருக்கும் எழுத்துக்கும் நடுவில் நின்றது நான் சொன்ன ஒரு வாக்கியம். பெரியவர்கள் படிக்க வருவதற்குத் தடை எழுத்து இல்லை, வெட்கம். அந்த வெட்கத்தை நான்தான் கொடுத்தேன்.

அதனால் என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "உங்கம்மா மாதிரி ஆயிடாத", "உங்கப்பா மாதிரி மூட்டை தூக்கப் போறியா" என்று என் வாயால் கேட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. அம்மா அப்பா இருந்தால் டீச்சர் மன்னிப்புக் கேட்டாங்க என்று சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களாவது மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் யாராவது பேப்பரை நீட்டி "கண்ணு சரியா தெரியல, படிச்சு சொல்லு" என்றால், எல்லோருக்கும் கண் கோளாறு என்று நினைக்காதீர்கள். பேப்பரைப் பிடுங்கிப் படிக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். விரலை வைத்து மெல்லப் படித்துக் காட்டுங்கள். என்ன வார்த்தை எழுத ஆசை என்று கேளுங்கள். பேரன் பேராக இருக்கும், பஸ் போகும் ஊராக இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்தவர் முன்னால் மட்டும் திருத்தாதீர்கள். வகுப்பு எங்கே நடக்கிறது என்று பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டால் தெரியும்.

நேற்று நான் பதில் போட்டேன்: "நல்லா இருக்கேன்மா. சாப்டாச்சா?" டைப் செய்கிறார் என்று வெகு நேரம் காட்டிக்கொண்டே இருந்தது. போனைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். கடைசியில் வந்தது.

"சாப்டேன் தூகம் வருது நாளைக்கு எலுதரேன்."

அன்புடன்,
உங்கள் டீச்சர்