முதலில் சாமானைத் தேடுவோம், ஆளை அல்ல



நமது ஊர் வீடுகளில் காலை ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில் அதிகமாகக் கேட்கும் சொல் "எங்க?" என்பதுதான். "உம்மா, எண்ட தொப்பி எங்க?" "பைக் திறப்ப எங்க வெச்ச?" "கணிதக் கொப்பியக் கண்டயா?" ஏழரைக்குப் பாடசாலை மணி அடித்துவிடும். கேட்கிற எல்லோரும் ஒரே ஆளிடம்தான் கேட்கிறார்கள். அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொம்பிளைதான் வீட்டின் இடாப்பு. எந்தச் சாமான் வரவு, எது வரவில்லை என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் திரும்பிப் பார்க்காமலே "கதவுக்குப் பின்னால ஆணியில கெடக்கு" என்பாள். அங்கேதான் கிடக்கும். கேட்டவர் அந்தக் கதவை இரண்டு தரம் திறந்து மூடியிருப்பார்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய மறதி. சிரிக்க முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. தேடிய சாமான் கிடைக்காமல் போய், "எங்க?" என்று கேட்ட வாய் "யாரு?" என்று கேட்கத் தொடங்குகிற இடம். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

சாமான் ஏன் தொலைகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்தவர்களுக்கு எபிங்ஹாஸ் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். ஜெர்மன் நாட்டவர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னிலேயே சோதித்துப் பார்த்து 1885இல் புத்தகமாகப் போட்டவர். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணித்தியாலங்களிலேயே போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகத்தான் போகிறது என்று கண்டார். படித்ததை அன்றைக்கே மீட்டிப் பார் என்று பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

திறப்பைத் தொலைப்பது பெரும்பாலும் அந்த மறதிகூட இல்லை. வைக்கும்போது ஃபோனில் பேசிக்கொண்டு இருந்திருப்போம். கை வைத்தது, மனம் பார்க்கவில்லை. மனதில் பதியாத ஒன்றை ஞாபகப்படுத்தப் பார்ப்பது எழுதாத கொப்பியைப் புரட்டுவது போலத்தான்.

இன்னொரு வகை, "பத்திரமா வெச்ச" சாமான். தினமும் வைக்கிற இடத்தில் வைத்தது தொலைவது குறைவு. கை தானாகவே அங்கே போகும். பத்திரம் என்று நினைத்து ஒரே ஒரு தரம் வைத்த இடம்தான் மறந்து போகும். யாருக்கும் தெரியக்கூடாது என்று வைத்த இடம் கடைசியில் வைத்தவருக்கே தெரியாமல் போகிறது.

எங்கள் உம்மாமாரின் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. 1990 காலப்பகுதியில் கிழக்கிலே இரவோடிரவாக வீட்டை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் எத்தனை. நகையை அரிசி வாளிக்குள், சேலை மடிப்புக்குள், தலையணைப் பஞ்சுக்குள் ஒளித்து வைத்தவர்கள் அவர்கள். ஒரே இடத்தில் அதிக நாள் வைக்கக் கூடாது என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. இடம் மாற்றுகிற கை இன்னும் நிற்கவில்லை.

எங்கள் சாச்சியின் கையும் அப்படிப்பட்ட கைதான். அவருடைய மகளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சாச்சியின் ஒரு சோடிக் காப்பு காணாமல் போனது. மகளின் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. அலுமாரியைக் கொட்டினார்கள், லாச்சிகளை இழுத்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். இரண்டாம் நாள் மாலையில் தேடுவது நின்றுவிட்டது. பேச்சு தொடங்கியது.

அந்த வீட்டுக்கு மா இடிக்க, முற்றம் கூட்ட ஒரு பொம்பிளை வந்துபோவார். புருஷன் மௌத்தானவர், மூன்று பிள்ளைகள். ஒன்பது வருடமாக வந்துபோனவர். "நீதான் எடுத்த" என்று அவரிடம் யாரும் நேரே சொல்லவில்லை. நமது ஊரில் அப்படிச் சொல்வதில்லை. சாடையாகத்தான் சொல்வோம். "வந்துபோற ஆக்கள் இல்லாம இது போகாது" என்று ஒருவர். "முகத்தப் பார்த்தாத் தெரியுது" என்று இன்னொருவர். அதோடு நிற்கவில்லை. மை பார்க்கிற ஒருவரிடமும் போனார்கள். அவர் சொன்னது: "வீட்டுக்குள்ள பழகின ஆள்தான், பொம்பிளைதான்." இதைச் சொல்ல மை எதற்கு? வீட்டுக்குள் சாமான் தொலைந்தால், அங்கே பழகாத ஆள் யார் வரப்போகிறார்? ஆனால் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மறுநாள் அந்தப் பொம்பிளை வந்தபோது கேற் உள்ளே பூட்டியிருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கிழமை முடிவதற்குள் அவர் வேலைக்குப் போன மற்ற இரண்டு வீடுகளும் "இப்ப வேல இல்ல கா" என்று சொல்லிவிட்டன.

ஏழு மாதம் கழிந்து நோன்புக்கு வீடு கழுவும்போது பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளை வெயிலில் போட எடுத்தார்கள். ஒன்றின் தையலுக்குள் லேஞ்சியில் சுற்றியபடி சோடிக் காப்பும் இருந்தது. தையல் சாச்சியின் கைத்தையல்.

சாச்சியின் மகளும் நானுமாக அந்தப் பொம்பிளையின் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை இருக்கச் சொன்னார், பிளேன்டீ ஊற்றித் தந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ஒரு வசனம்தான் சொன்னார்: "காப்புக் கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். எண்ட பேர எந்தத் தலையணைக்குள்ள புள்ள தேடுற?"

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

நமது மார்க்கத்தில் தொலைந்த சாமான் பற்றிய பாடம் இல்லையா? இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்த சம்பவங்களை ஸஹீஹ் புகாரியில் வாசிக்கிறோம். ஒரு பிரயாணத்தில் மாலை தொலைந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தேடுவதற்காகப் படையோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத இடம். மக்கள் முறைப்பட்டார்கள், அபூபக்கர் (ரழி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். நபியவர்கள் கடியவில்லை. தயம்மும் செய்வதற்கான வசனம் அங்கேதான் இறங்கியது. ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதற்குக் கீழே கிடந்தது.

இன்னொரு பிரயாணத்தில் தொலைந்த மாலையைத் தேடித் தனியே போனார்கள். மாலையைக் கண்டெடுத்துத் திரும்பி வந்தபோது படை போய்விட்டிருந்தது. அதை வைத்து மதீனாவில் ஒரு கதை கட்டப்பட்டது. ஒரு மாதமளவில் அந்தப் பேச்சு ஓடியது. அன்னையவர்களின் தூய்மையை அல்லாஹ்வே ஸூரா அந்நூரில் அறிவித்தான். ஆதாரமில்லாமல் பேசியவர்களும், கேட்டவுடன் மறுக்காமல் இருந்தவர்களும் அங்கே கண்டிக்கப்படுகிறார்கள்.

இரண்டு தரமும் மாலை கிடைத்தது. ஒரு தரம் நின்று தேடினார்கள், உம்மத்துக்கே ஒரு சலுகை கிடைத்தது. மற்றத் தரம் சிலர் வாயைத் திறந்தார்கள், ஒரு பெண்ணின் மானம் ஒரு மாதம் தெருவில் கிடந்தது. இன்றைக்கு யாருக்காகவும் வஹீ இறங்காது. முற்றம் கூட்டுகிற பொம்பிளையின் பெயரைத் துடைக்க நாம்தான் போக வேண்டும்.

மை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறி சொல்பவனிடம் போய் ஒன்றைக் கேட்பவரின் 40 நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. காப்புக்காக 40 நாள் தொழுகையைக் கொடுப்பது எந்தக் கணக்கில் லாபம்?

சாச்சியின் கதை அங்கே முடியவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் ஒரே கேள்வியை ஒரு மணித்தியாலத்தில் நாலு தரம் கேட்கத் தொடங்கினார். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். கண்ணாடி பிரிஜ்ஜுக்குள் இருந்தது. ஒருநாள், பெற்ற மகளைப் பார்த்தே "எண்ட காச நீதான் களவெடுத்த" என்றார். மகள் இரவு முழுக்க அழுதாள். டொக்டரிடம் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, இது குணம் இல்லை, வருத்தம் என்று. டிமென்ஷியா என்கிற மறதி நோய்.

இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. திறப்பை எங்கே வைத்தோம் என்று மறப்பது எந்த வயதிலும் நடக்கும். வந்த வழியே யோசித்துப் போனால் கண்டுபிடிப்போம். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விளங்காமல் நிற்பது வேறு. சாமானைச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வைப்பது, வைத்த வழியைத் திரும்ப யோசிக்க முடியாமல் போவது, அதனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் களவெடுத்ததாக நம்புவது, இவை நோயின் அடையாளங்களாக இருக்கலாம். உம்மாவுக்கு, மூத்தம்மாவுக்கு இப்படி நடந்தால் "வயசு போனா இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எல்லாமே டிமென்ஷியாவும் இல்லை. தைரொய்ட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குறைவு, சில மருந்துகள், இவற்றாலும் மறதி வரும். இவற்றில் பல மருந்தால் சரிப்படுத்தக் கூடியவை. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் குளிசை நீண்ட காலம் போடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் மறதியையும் சொல்லுங்கள். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருப்பது மூளைக்கும் நல்லது.

இப்போது சாச்சி "களவு போயிட்டு" என்றால் யாரும் அவரோடு வாதாடுவதில்லை. "வாங்க உம்மா, ரெண்டு பேரும் தேடுவம்" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள். ஒரே மாதிரி இரண்டு பர்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்று காணாவிட்டால் மற்றதை எடுத்துக் கொடுப்பாள். சாச்சி சிரித்துக்கொண்டு நெஞ்சோடு வைத்துக்கொள்வார்.

மறதியை அல்லாஹ் குற்றமாக எழுதுவதில்லை. நோன்பென்று மறந்து சாப்பிட்டவருக்கு அந்த நோன்பு முறியாது. அல்லாஹ்வே அவருக்கு ஊட்டினான் என்கிறது ஹதீஸ். நபி (ஸல்) அவர்களே தொழுகையில் ரக்அத் மறந்து ஸஜ்தா ஸஹ்வு செய்திருக்கிறார்கள். மூஸா (அலை) அவர்களின் பிரயாணத்தில் மீனை மறந்துவிட்ட உதவியாளரின் கதையை வெள்ளிக்கிழமைதோறும் ஸூரா கஹ்ஃபில் ஓதுகிறோம். அதேநேரம் மறதிக்கு ஒழுங்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? ஸூரா பகராவின் 282ஆம் வசனம். கடனை எழுதி வையுங்கள், சாட்சிகளில் ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்தட்டும் என்பதுதான் அதில் சொல்லப்படுவது. மனிதன் மறப்பான் என்று தெரிந்தவனின் கட்டளை அது.

ஆகவே வீட்டில் செய்யக்கூடிய சில சின்ன விடயங்கள்:

வாசலுக்குப் பக்கத்தில் திறப்புக்கு ஒரு ஆணி. வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் திறப்பு ஆணிக்கு, பிறகுதான் தண்ணிக்கும் ஃபோனுக்கும்.

ஒரு சாமானை வைக்கும்போது வாயால் சொல்லுங்கள்: "கண்ணாடிய மேசையில வெச்சன்." பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காது கேட்டால் மனம் பதியும்.

அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நமது கரையோர ஊர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

நகையோ, மற்றவரின் அமானிதமோ, கடனோ எதுவானாலும் வைத்த இடத்தை எழுதுங்கள். நம்பிக்கையான இன்னும் ஒருவருக்கும் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் தலையணை தலையணையாகக் கிழிக்க வேண்டி வரக்கூடாது.

வீட்டுப் பொம்பிளையை மட்டும் இடாப்பாக வைக்காதீர்கள். அவளுக்கும் மறக்கும். மகனின் தொப்பிக்கு மகனே பொறுப்பு.

கடைசியாக, ஒரு சாமான் காணாமல் போனால் குறைந்தது மூன்று நாள் யாருடைய பெயரையும் வாயில் எடுப்பதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். சாடையாகவும் கூடாது. வேலைக்கு வருகிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை, மருமகள், இவர்கள்தான் எப்போதும் முதலில் மாட்டுகிறவர்கள். ஏழைக்கும் வந்த பெண்ணுக்கும் பேச வாய் இல்லை என்பதுதான் காரணம்.

எப்போதோ தொலைந்து, பிறகு கிடைத்துவிட்ட சாமான் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நேரம் யாருடைய பெயர் அடிபட்டது என்று யோசித்துப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தால் போய் ஸலாம் சொல்லிச் சாமான் கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள். எத்தனை பேருக்கு முன்னால் பெயர் கெட்டதோ, அத்தனை பேருக்கு முன்னாலும் சொல்லுங்கள். நாளை மறுமையில் அவருக்கு நமது நன்மைகளை எடுத்துக் கொடுப்பதை விட, இன்று ஒரு தெரு நடந்து போவது லேசு.

எங்கள் சாச்சிக்காகவும், மறதி நோயோடு இருக்கிற எல்லாப் பெற்றோருக்காகவும், அவர்களைப் பார்க்கிற பிள்ளைகளுக்காகவும் ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.