கூறைச்சீலையும் கம்பளப் புழுவும்

சென்ற மாரிகாலத்தில் எமது மகளின் கழுத்திலும் கைகளிலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றின. மூட்டைப்பூச்சியாக இருக்குமோ என்று அஞ்சி மெத்தைகளைப் புரட்டினோம். கறைகள் எவையும் இல்லை. ஆனால் நாற்காலியின் பின்புறத்தில், சுவரோரச் சட்டத்தின் கீழ், நெல்லின் நீளங்கூட இல்லாத புழுவொன்று ஊர்ந்தது. பொன்னிற உடல், வால்நுனியில் மயிர்க்குஞ்சம். "இது மயிர்க்கொட்டிக் குஞ்சடா" என்றார் அம்மா.

அது மயிர்க்கொட்டி அன்று; ஒரு சிறு வண்டின் புழு. நோர்வேஜியர் இவ்வண்டினைப் 'புறூன் பெல்ஸ்பில்லெ' என்பர். கபில நிறமும் சில மில்லிமீற்றர் நீளமும் உடையது. ஆபிரிக்காவிலிருந்து வந்த இவ்வினத்திற்கு 1973 ஆம் ஆண்டிலேயே அறிவியற் பெயர் சூட்டப்பட்டது. இந்நாட்டின் குளிரில் வெளியே வாழ இயலாததால், எம்மைப் போலவே சூடேற்றிய வீடுகளை அண்டி வாழ்கின்றது.

அன்றிரவு அலுமாரியின் மேலிருந்த பயணப்பெட்டியை இறக்கினோம். அதனுள் இருந்தது அம்மாவின் கூறைச்சீலை. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அம்மா மார்போடு அணைத்து வந்த பொதியில் இருந்தது அது. ஸ்டோவ்னருக்கு வந்த பின் பத்திரம் கருதிப் பூட்டி வைத்தோம். ஆறு ஆண்டுகள் திறக்கவில்லை. விரித்தபோது மடிப்புகளின் வழியே துளைகள். உமி போல உதிர்ந்த புழுத்தோல்கள். அம்மா துளைகளை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "செல்லடிக்குத் தப்பின சீலை, சும்மா கிடந்து செத்துப்போச்சு."

இப்புழுவின் உணவு கம்பளி, பட்டு, தோல், இறகு, இறந்த பூச்சிகள் ஆகியவை. அழுக்கற்ற பருத்தியையும் செயற்கை இழையையும் அது பெரும்பாலும் நாடுவதில்லை. அது கடிப்பதுமில்லை, எனினும் அதன் மயிர்கள் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். அந்துப்பூச்சியின் புழு நூலாம்படை போன்ற இழையை விட்டுச் செல்லும். இதுவோ தோலை மட்டுமே விட்டுச் செல்லும். இளவேனிலில் யன்னலோரம் சிறு வண்டுகள் கிடந்தால், வீட்டினுள் எங்கோ புழுக்கள் உள்ளன என்று கொள்க.

நாம் செய்த தவறு, மூன்று மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் இருந்தமை. "வெளிநாட்டவர் வீடு அழுக்கு" என்று பேசுவரே என்ற கூச்சம். கடையில் வாங்கிய மருந்தை இரவில் தெளித்தோம். இடுக்குகளுள் இருந்த புழுக்களுக்கு அது எட்டவில்லை. பிள்ளைகளுக்கு இருமலே மிஞ்சியது. இறுதியில் குடியிருப்பின் நிர்வாகக் குழுவிடம் சொன்னோம். அதனை அறிந்த எதிர்வீட்டு நோர்வேஜிய மூதாட்டி, தம் தாயார் பின்னிய கம்பளிக் கொஃப்தெயை எடுத்து வந்து காட்டினார். அதன் முழங்கையிலும் அதே துளைகள். அழுக்கைத் தேடி வரும் பூச்சி அன்று இது. நாம் போற்றிப் பூட்டி வைத்ததைத் தேடி வருவது என்று அன்று உணர்ந்தோம்.

பின்னர் செய்தவை இவை. வாரந்தோறும் சுவரோரச் சட்டங்கள், கட்டிலடி, நாற்காலி மடிப்புகள், காற்றுத் துவாரங்கள் ஆகியவற்றைத் தூசி உறிஞ்சியால் உறிஞ்சி, அதன் பையைக் கட்டி வெளிக் குப்பைத் தொட்டியில் இட்டோம். யன்னலிடுக்கில் இறந்து கிடந்த ஈக்களையும், சமையலறை மூலையில் சிந்திய கருவாட்டுத் துணுக்குகளையும் அகற்றினோம். சூடு தாங்கும் துணிகளை 60 பாகையில் துவைத்தோம். கூறையைத் துவைக்க இயலாது. எனவே பிளாஸ்ரிக் பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, சைபருக்குக் கீழ் 18 பாகையில் பிறீசரில் ஒரு வாரம் வைத்தோம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கலாகாது. அறை வெப்பத்தை அடைந்த பின்னரே திறக்கவேண்டும். இல்லையேல் பட்டிலும் சரிகையிலும் ஈரம் படியும்.

பொறுமை மிக அவசியம். புழு வண்டாக ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டது என்று எண்ணி நாம் ஏமாந்தோம். ஊரில் சீலைகளை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு மடித்து வைத்தனர். வேப்பிலையைவிட, ஆண்டுதோறும் எடுத்து விரித்து உதறிய அந்தப் பழக்கமே அவற்றைக் காத்தது என்று இன்று எண்ணுகின்றோம்.

இத்தைப்பொங்கலன்று அம்மா அக்கூறையை உடுத்தினார். துளைகள் கொசுவத்தினுள் மறைந்தன. எதிர்வீட்டு மூதாட்டியும் வந்திருந்தார், முழங்கையில் ஒட்டுப் போட்ட கொஃப்தெயுடன். உங்கள் அலுமாரியின் மேலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். இந்த வாரம் அதனை இறக்கித் திறந்து பாருங்கள்.