பள்ளத்து மனை

வறக்காட்டில் வீடு கட்டுகிறவனுக்கு வெள்ளத்தைப் பற்றி என்ன கவலை என்று எங்கள் பக்கம் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். வெள்ளகோவிலை அடுத்த வட்டமலைக்கரை ஓடை அணை கட்டி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அதில் கால் நூற்றாண்டு சொல்லும்படி தண்ணீர் நிற்கவில்லை. 2021-இல் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகுதான் எங்கள் இளவட்டங்கள் அங்கே நீர்ப்பரப்பையே பார்த்தார்கள். இப்படிப்பட்ட சீமையில் ஓடையோர மனை சல்லிசாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

மனை பார்க்க என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மழை குறைந்த ஊரில்தான் பள்ளத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பது. வருடா வருடம் தண்ணீர் வரும் ஊரில் ஜனங்களுக்கு அதன் தடம் தெரியும், ஒதுங்கிக் குடியிருப்பார்கள். இங்கே ஓடை இருபது வருடம் காய்ந்தால் வேலிக்கருவை முளைக்கிறது, குப்பை விழுகிறது, ஒரு நாள் லேஅவுட் கல் நட்டுவிடுகிறார்கள். 2011 நவம்பரில் திருப்பூரில் கொட்டிய மழையில் ஜம்மனை ஓடை பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் போயின. அதுவும் மழை குறைந்த பூமிதான்.

கணக்கு ஒன்றை எல்லோரிடமும் போட்டுக் காட்டுவேன். நூறு ஏக்கர் காட்டில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 2 கோடி லிட்டர். எங்கள் மண்ணுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான் படிவம் கிடக்கிறது. ஓரளவுக்கு மேல் அது தண்ணீரை உள்ளே விடாது. பாதி ஓடி வந்தாலும் 12,000 லிட்டர் தண்ணி லாரி எண்ணூறுக்கு மேல் ஒரே பொழுதில் உங்கள் மனையோரம் வந்து கவிழ்த்த மாதிரி. ஆகவே மனையின் மீது எவ்வளவு மழை பெய்யும் என்பதைவிட, மேற்கே எவ்வளவு காட்டுத் தண்ணீர் இந்தப் பக்கம் சாய்கிறது, அது வெளியேற எவ்வளவு அகலம் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆளுயரத்துக்கு ஒரு சோதனைக் குழி எடுக்கச் சொல்வேன். சமீபத்தில் எடுத்த குழியின் சுவரில் மேலே முக்கால் அடி செம்மண் இருந்தது. அதன் கீழே விரல் கனத்துக்கு வண்டல், காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. அப்புறம் ஒரு சாண் வெளுத்த மணல், நடுவே உருண்ட கூழாங்கற்கள், இரண்டு நத்தை ஓடுகள். எங்கள் காட்டுச் சரளை முனை கூராக இருக்கும். உருண்ட கல் என்றால் எங்கிருந்தோ புரண்டு வந்த கல்.

"மணலாட்டத்தானுங்க இருக்குது, கடக்கால் போட நல்லதுதானுங்களே?" என்றார் மனைக்காரர்.

"இந்த மணலை லாரியில யாரும் கொண்டாந்து கொட்டலைங்க. தண்ணி கொண்டாந்து போட்டது," என்றேன்.

குழிக்கு அடுத்தபடி நான் நம்புவது ஆடு மேய்ப்பவர்களை. அந்த மனைக்குப் பக்கத்துக் கொரங்காட்டில் பட்டி போட்டிருந்த ஆத்தாவிடம் ஐப்பசியில் ஆட்டை எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். "மேக்க இருட்டுக் கட்டுனா அந்த எலந்த மரத்துக்கு அக்கட்ட போவ மாட்டன் சாமி. தண்ணி சொல்லிட்டா வருது?" என்றார். இலந்தை மரம் நின்றது மனையின் வடக்கு எல்லையில். மனை முழுவதும் அதற்கு அக்கட்டதான் இருந்தது.

'அ' பதிவேட்டையும் புலப்பட நகலையும் கட்டாயம் வாங்கிப் பார்க்க வேண்டும். ஓடை புறம்போக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று அதில் தெரியும். ஆனால் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் தண்ணீர்த் தடம் காகிதத்தில் வராது. இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு வரும் இட்டேரி, காட்டு மட்டத்திலிருந்து இரண்டடி குழிந்து கிடந்தால் வண்டி மட்டும் அதைத் தேய்த்திருக்காது, மழைத் தண்ணீரும் அறுத்திருக்கிறது. அது வந்து முட்டும் இடத்தில் வாசல் வைக்க நான் சம்மதிப்பதில்லை.

தார் ரோடும் மட்டத்தை மாற்றிவிடும். பழையதைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டதில் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போன வீடுகள் எத்தனையோ. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். நல்ல காரியம். இருந்தாலும் டியூப் மட்டத்தை ரோட்டின் நடுவிலிருந்து பிடித்துத்தான் நான் பேஸ்மட்டம் குறிக்கிறேன்.

"மண்ணைக் கொட்டி ஒசத்திட்டாப் போச்சுங்களே?" என்பார்கள். உயர்த்தலாம். ஆனால் நிரவிய மண்ணில் கடக்கால் நிற்காது, அடியிலுள்ள கெட்டி மண் வரை இறங்க வேண்டும். கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்தால் வீடு நனையாது, பக்கத்துக் காட்டுக்காரர் வீடு நனையும். அந்தப் பாவத்துக்கு நான் துணை போக மாட்டேன்.

பள்ளம் மனையின் ஓரத்தை மட்டும் தொட்டால் வழி உண்டு. வீட்டை மேட்டு மூலைக்குத் தள்ளி, தாழ்ந்த சென்ட்டுகளைத் தென்னைக்கு விடச் சொல்வேன். செப்டிக் டேங்க் மூடியும், சம்ப் வாயும், போர்வெல் கேசிங் பைப்பும் தண்ணீர் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு குடும்பத்தைப் படுக்க வைப்பது கெட்டுப்போன குடிதண்ணீர்தான். ஓடைப் பக்கம் காம்பவுண்டுச் சுவர் வேண்டவே வேண்டாம். தண்ணீரைத் தேக்கி நிறுத்தி, தாங்க முடியாதபோது மொத்தமாகச் சாயும். கல்தூண் நட்டுக் கம்பி வேலி போதும், கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி.